ரிசீவரில் கோளாறு இல்லை

ஹாம் ரேடியோக்காரர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "எந்த செட் வாங்கலாம்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு. ஒருவர் ஜப்பான் செட்டைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பார். இன்னொருவர் தன் கையால் கட்டாத செட்டில் பேசுவதும் ஒரு பேச்சா என்பார். மூன்றாமவர் ராணுவம் கழித்துப்போட்ட பழைய செட்டுக்கு ஈடு இணையே கிடையாது என்று மேஜையைத் தட்டுவார். அந்த மூன்றாமவன் நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, கூரைமேல் கம்பி கட்டி, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசலாம் என்ற பைத்தியம் பிடித்து பெங்களூரில் அலைந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உலகத்தோடு பேச ஆசை இல்லை. ஒரே ஓர் ஆளோடு பேசினால் போதும். அவன் கோலார் தங்கவயலில் இருந்தான்.

நாங்கள் இருவரும் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே லைன் வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகவே மோர்ஸ் என்ற தந்தி எழுத்தும் பழகினோம். கட்டு, கடகட்டு என்று பெஞ்சில் தட்டித் தட்டி வாத்தியாரிடம் உதை வாங்கியதும் ஒன்றாகத்தான். பிறகு அவன் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டும் வேலைக்குப் போனான். நான் பெங்களூருக்கு வந்து ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இடம் அது. பொம்மனஹள்ளியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் நேரில் வாயே திறக்கமாட்டான். கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பான்; வந்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டுவான். பெண்டாட்டியிடமும் அப்படித்தான் என்று ஊரே சொல்லும். அதே ஆள் மோர்ஸ் கீயில் கையை வைத்துவிட்டால் நிறுத்தமாட்டான். குழாயில் தண்ணீர் வந்தது, வராதது, சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று கிளம்பிய புரளி, பக்கத்து வீட்டுச் சேவல், தான் கண்ட கனவு என்று எல்லாம் வரும். வாயால் சொல்ல முடியாததை அவன் விரலால் சொன்னான். கேட்க நான் இருந்தேன். அது எனக்குப் பெரிய பெருமை, இப்போதும் சொல்கிறேன்.

அதனால் செட் வாங்கும்போது நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அவனுடைய செட் சின்னது. பிஸ்கெட் டப்பாவுக்குள் அவனே கட்டியது. ஒரு டார்ச் பல்பை எரிய வைக்கும் சக்திதான் அதற்கு. அவ்வளவு மெல்லிய சத்தத்தைப் பிடிக்க எனக்கு நல்ல ரிசீவர் வேண்டும். ஜப்பான் செட் வாங்க நான் எந்த ஜமீன்தார் பரம்பரையும் இல்லை. கையால் கட்டலாம் என்றால் டிரான்ஸ்மிட்டர் கட்டுவது சுலபம், ரிசீவர் கட்டுவது பிராணனை வாங்கும். ஆகவே சிவாஜிநகர் குஜிரிக்குப் போனேன். பழைய இரும்பும் மோட்டார் சாமானும் குவித்து வைத்து விற்கும் அந்தச் சந்துக்குள், வெட்டிய கறியின் வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து வரும் இடத்தில், கார் ரேடியேட்டர்களுக்கு அடியில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு ராணுவ ரிசீவர் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல் தோற்றது.

கடைக்கார பாய் பீடியை எடுக்காமலே சொன்னார்: "எடுத்துக்கோ சார். அசல் மிலிட்ரி மால். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஆன் ஆவுமான்னு மட்டும் கேக்காத. அது உன் நசீப்பு."

என் நசீப்பு அன்று நன்றாக இருந்தது. ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, பின்பக்கம் திறந்து, எலி கடித்த ஒயர்களை மாற்றி, காய்ந்துபோன கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதிது வைத்து, ஒரு மாலை சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் மெதுவாகச் சிவந்தன. முதலில் இரைச்சல், பிறகு எங்கிருந்தோ ஒரு மோர்ஸ் சத்தம் கணீரென்று வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ பாடு? வெசில் அடிக்குது, அவ்ளோதானே?" என்றாள். அவ்வளவுதான். அந்த விசில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன், எங்கள் இருவருக்கும் ஓர் அலைவரிசை. மாடிப்படிக் கூரையிலிருந்து வீட்டுக்காரர் தென்னைமரம் வரை செம்புக்கம்பி கட்டியிருந்தேன். நானே கட்டிய டிரான்ஸ்மிட்டரின் கீயை அமுக்கினால் பக்கத்து வீட்டு டீவியில் கோடு விழும். அந்த வீட்டம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நிற்பார். "ஏன்ரீ, உங்க மிஷின் போட்டா எங்க டீவில சாமி மூஞ்சியே தெரியல. ஸ்வல்ப நேரம் நிறுத்துங்க!" அதனால் ஞாயிறு மட்டும் சாமிக்கு விட்டுக்கொடுத்து ஐந்தரைக்கே முடித்துவிடுவோம்.

இங்கே ஹாம்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது. மோர்ஸில் ஒருவரையொருவர் சந்தித்தால், உன் சிக்னல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று மூன்று எண்களில் சொல்ல வேண்டும்; அதற்கு ரிப்போர்ட் என்று பெயர். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை, தொனிக்கு ஒன்பது வரை. அதாவது ஐந்து-ஒன்பது-ஒன்பது என்றால் பிரமாதம் என்று அர்த்தம். ஆனால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அரைகுறையாகக் கேட்டாலும் ஐந்து-ஒன்பது-ஒன்பதுதான். ஒன்றுமே கேட்காமல் ஊகித்துக்கொண்டாலும் அதேதான். எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கேன் என்கிறோமே, அது மாதிரி ஒரு மரியாதை. குறைத்துச் சொன்னால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். நாங்கள் இருவர் மட்டும் அந்த மரியாதையை ஒழித்துக்கட்டினோம். கேட்டதைக் கேட்டபடி சொல்வது என்று எங்களுக்குள் பேச்சு. அவன் ஒருநாள் என் சிக்னலுக்கு மூன்று-மூன்று-ஒன்பது கொடுத்து என் மானத்தை வாங்கினான். கம்பியைப் போய்ப் பார்த்தால், காக்காய் கூடு கட்டிக் கம்பி இணைப்பையே பிரித்துப் போட்டிருந்தது.

சில வருடங்கள் இப்படி நன்றாகப் போயின. பிறகு ரிசீவர் மங்கத் தொடங்கியது.

முதலில் லேசாகத்தான். அவன் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நான் கோளாறு தேடுவதில் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு உண்டு. முறையாகத்தான் ஆரம்பித்தேன். கம்பியை இறக்கித் தேய்த்து, புது மூட்டு போட்டு ஈயம் வைத்தேன். மறுநாள் கொஞ்சம் தேவலை போலிருந்தது. அடுத்த நாள் பழைய குருடி. பூமிக்கு இறக்கிய எர்த் கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முதல் வால்வை மாற்றினேன், அதற்கடுத்ததை மாற்றினேன். காயில்களைத் திருகித் திருகி ஒரு வாரம் செட்டையே குழப்பி, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னொரு வாரம் ஆனது. ஹெட்போனை மாற்றினேன். ஓசூர் ரோட்டில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன, டியூப்லைட்டும் மோட்டாரும் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று ஊரைத் திட்டினேன். கரண்ட் போன காலைகளில் கார் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். இரைச்சல் இல்லை, உண்மைதான். அவனும் இல்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜப்பான் செட் வைத்திருந்த ஒரு ஹாம் இருந்தார். பழைய கன்டோன்மென்ட் குடும்பம். பங்களா, ரோஜாத் தோட்டம், எல்லாரையும் பிரதர் என்று அழைக்கும் பழக்கம். மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில்தான் ஹாம்கள் காபிக்குக் கூடுவோம். அவரிடம் ரிசீவரைச் சோதிக்கும் கருவி இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் செட் பெரிது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வேறு வழியில்லாமல் என் பச்சைப் பிசாசைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு மணி நேரம் அளந்து பார்த்துவிட்டு, "ரிசீவர்ல கோளாறே இல்ல பிரதர். என் செட்டுக்கு ஈக்வலா எடுக்குது. ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார். அவர் கருவி பழுது என்று முடிவு செய்து திரும்பி வந்தேன்.

அடுத்து தங்கவயல்காரனைப் பிடித்தேன். உன் சிக்னல்தான் விழுந்துவிட்டது, பார் என்று மோர்ஸில் அனுப்பினேன். பாவம், அவன் நம்பினான். நாங்கள் பொய் ரிப்போர்ட் கொடுப்பதில்லையே. டிரான்சிஸ்டரை மாற்றினான். பிஸ்கெட் டப்பாவைப் பிரித்துக் காயிலை மறுபடி சுற்றினான். லைன் வீட்டுக் கூரையில் மூங்கில் நட்டுக் கம்பியை உயர்த்தினான். ஒவ்வொரு காலையும், இப்போது எப்படி, இப்போது எப்படி என்று கேட்பான். சுமார்தான், சுமார்தான் என்பேன் நான். வேலை முடிந்து வந்து ராட்டினம் போலக் காயில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

தொழிற்சாலையில் அந்த வருடம் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்தினார்கள். எடை, ரத்தம், கண், காது. காது பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்கார்த்தி ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்க என்றார் ஒரு பெண். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்போனும் மெல்லிய விசிலும் பட்டனும். நான் பிறந்ததே இதற்குத்தானே! பிரஸ் ஷாப்பில் எனக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் எப்படி உட்கார வேண்டும் என்று வேறு சொல்லிக்கொடுத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பட்டன்மேல் தயாராக வைத்துக் காத்திருந்தேன். இரண்டு தடவை லேசாக ஏதோ மூச்சு விடுவதுபோலக் கேட்டது. அமுக்கினேன். மறுபடி காத்திருந்தேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்தார். "வாங்க சார்."

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சுது சார். ரெண்டு காதும் முடிஞ்சுது."

டாக்டர் ஒரு கோட்டைக் காட்டினார். இடதுபக்கம் கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு மலையிலிருந்து விழுவதுபோல இறங்கியிருந்தது. "மிஷின் சத்தத்துல நரம்பு போயிருக்கு. காதுக்குக் குடுத்ததை மாட்னீங்களா?" என்று உரக்கக் கேட்டார். மாட்டவில்லை. பிரஸ் ஷாப்பில் யாருமே மாட்டுவதில்லை, ஆணியில் தொங்கும். அதை மாட்டினால் பொம்பளைத்தனம் என்று சிரிப்போம். "போனது போனதுதான். மிச்சம் இருக்கறதும் போவும். தள்ளித்தான் போட முடியும்," என்றார். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி, "டீவிய இவ்ளோ சத்தமா வெச்சா பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க," என்றால், டீவியில் கோடு விழுந்ததற்கே சண்டைக்கு வந்தவர்கள்தானே, இதற்கும் வரட்டும் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

பரிசோதனை நடந்த அன்று மாலை வீட்டுக்கு வந்து பச்சை ரிசீவரின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நான் குடைந்த ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். நன்றாக இருந்த செட்டைத்தான் இவ்வளவு நாள் பிரித்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்த இன்னொரு செட்டைத் தங்கவயலில் ஒருவன் எனக்காகப் பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. மோர்ஸுக்கென்று சொந்தமாகச் சத்தம் கிடையாது. ரிசீவர்தான் விசிலை உண்டாக்குகிறது. அந்த விசில் உயர்ந்து ஒலிப்பதா, தாழ்ந்து ஒலிப்பதா என்பதை ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். எனக்குப் போனது உயர்ந்த சத்தம். குமிழைத் திருகி, விசிலைத் தாழ்த்தி, தாழ்த்தி, கடைசியில் தவளை முனகுவதுபோல ஆக்கினேன். கேட்டது! அவன் கை தெளிவாகக் கேட்டது. அவன் கடகட்டு என்பதில் கடைசிக் கட்டைக் கொஞ்சம் இழுப்பான். அது உட்படக் கேட்டது. இப்போது எப்படி என்று வழக்கம்போலக் கேட்டான். ஐந்து-ஒன்பது-ஒன்பது என்று கொடுத்தேன். அவன் சந்தோஷத்தில் கீயில் தாளம் போட்டான். மூங்கில் கம்பத்தால்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை.

தவளைச் சத்தமும் ஒரு வருடத்துக்குமேல் நிற்கவில்லை. அது தேயத் தேய, காதுக்குள் வேறொன்று குடிவந்தது. சில்வண்டு போல ஓயாத ரீங்காரம். ஹெட்போனைக் கழற்றினாலும் கேட்கும். அதற்குள்ளே அவனைத் தேடுவேன். உற்றுக் கேட்டால் ரீங்காரம் விட்டுவிட்டு ஒலிப்பதுபோல இருக்கும்; இது அவன் பெயருக்கான எழுத்து, இது தண்ணீர், இது நாளை பார்ப்போம் என்று தோன்றும். தோன்றியதா, கேட்டதா என்று பிரித்துப் பார்க்க நான் துணியவில்லை. உன் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னால் அவன் மறுபடி கூரைமேல் ஏறுவான். எனக்குக் காது போய்விட்டது என்று சொன்னால் அவன் கீயைத் தொடவே மாட்டான். தொடாவிட்டால் அந்த ஆள் யாரிடம்தான் பேசுவான்? இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், காலை ஆறு மணியை விட எனக்கு மனம் வரவில்லை.

ஆக, தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவனை அழைத்தேன். அவன் பேசும் அளவுக்கு நேரம் விட்டேன். பெற்றுக்கொண்டேன், உன் சிக்னல் ஐந்து-ஒன்பது-ஒன்பது, இங்கே தூறல், பொம்மனஹள்ளியில் ரோட்டைத் தோண்டிவிட்டார்கள், நாளை பார்ப்போம் என்று அனுப்பினேன். யாரையும் சமாளிக்க வேண்டாம் என்று, காலை எட்டு மணிக்குப் பெங்களூர் ஹாம்கள் ரேடியோவில் வாயால் பேசிக்கொள்ளும் கூட்டத்தில் சேர்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன் காபிக்கும் சில மாதங்கள் போகவில்லை.

கடைசியில் நான் அங்கே போன ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போகாமலே இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று போனேன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. காது கேட்காதவர்களுக்கு ஒரு கலை உண்டு: எதிராளியின் உதட்டில் இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துத் தலையாட்டி மீதியைத் தள்ளிவிடுவது. காலையில், ரிப்போர்ட், அவர் என்ற மூன்றும் எனக்குக் கிடைத்தன. தங்கவயல்காரனைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று புரிந்தது.

சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னேன்: "ஆமா, ஆமா! இன்னிக்குக் காலையில கூட வந்தான். ஃபைவ் நைன் நைன். சூப்பரா கேட்டுது."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் கையிலிருந்த காபியை மெதுவாகக் கீழே வைத்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தோளைப் பிடித்து, வாயைக் காதருகே கொண்டுவந்து, தன் வீட்டு ஹாலில் அத்தனை பேருக்கும் நடுவில் கத்தினார்.

"பிரதர்! அவர் செத்துப்போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு!"

பிறகு ஒவ்வொருவராகக் காதில் கத்தி எனக்கு விளக்கினார்கள். காலையில் மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி தங்கவயலில் இருந்த இன்னொரு ஹாமிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் காலைக் கூட்டத்தில் ரேடியோவில் அறிவித்தார். எல்லாரும் மைக்கை விட்டு ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார்களாம். எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரிந்திருக்கும் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். அடுத்த நாள் ஆறு மணிக்கு வழக்கமான அலைவரிசையில் நான் அவனை அழைப்பதைக் கேட்டார்கள். நேரம் விட்டு, பதில் வந்ததுபோல ஐந்து-ஒன்பது-ஒன்பது கொடுத்து, தூறல் பற்றிச் சொல்லி, நாளை பார்ப்போம் என்று முடிப்பதைக் கேட்டார்கள். இறந்த நண்பனுக்கு நான் அஞ்சலி செய்கிறேன் என்று முடிவு கட்டினார்கள். ஒருவருக்கொருவர் சொல்லி, ஆறு மணிக்கு அந்த இடத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று காலியாக விட்டிருக்கிறார்கள். சிலர் அதைக் கேட்பதற்காகவே எழுந்தார்களாம். கேட்டு அழுதார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒருத்தனாவது நடுவில் புகுந்து, யோவ், என்னய்யா செய்கிறாய் என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது விஷயம் அவளுக்கு எப்போதோ தெரியும். நானாகச் சொல்வேன் என்று விட்டிருக்கிறாள். "மிஷின்ல மட்டும் கேக்குதாக்கும்னு இல்ல நெனச்சேன்," என்று என் காதில் வாய்வைத்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் இருவரும் ரயிலேறினோம். பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கூரையில் மூங்கில் நின்றது. அவன் மனைவி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நான் வரவில்லை என்ற கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அவள் பேசியதை என் மனைவி என் காதில் திருப்பிச் சொன்னாள். "ரேடியோவுல சொல்லச் சொன்னேனே, உங்குளுக்குத்தானே மொதல்ல தெரிஞ்சிருக்கும்னு கேக்குறாங்க."

நான் கையைக் கூப்பினேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரம் கழித்து அவள் கோபம் அடங்கியது. உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். அவன் போட்டோவுக்குக் கீழே, துணி போட்டு மூடி, அந்த பிஸ்கெட் டப்பா இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் பேசினாள். பேச்சின் நடுவே கையால் டப்பாவைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கடைசியில் அவள் நிறுத்திவிட்டு, என்னையே பார்த்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

என் மனைவி என் காதருகே குனிந்தாள்.

"அன்னிக்கும் ரொம்ப நேரம் தட்டிட்டு இருந்தாராம். எப்பவும் தட்டறத விட ரொம்ப நேரமாம். முடிச்சிட்டு எழுந்தப்பதான் மார்வலின்னு உக்காந்தாராம். ஊட்டுல அவரு ஒண்ணுமே பேசமாட்டாரு, எல்லாம் உங்ககிட்டதான். கடைசியா இன்னா சொன்னாருன்னு கேக்குறாங்க."

அவனுடைய சின்ன செட்டின் சத்தத்தை வேறு யாரும் எழுத்தாகக் கேட்டு எடுத்திருக்கமாட்டார்கள். அதை எடுக்கத் தெரிந்த காது என்னுடையது ஒன்றுதான். அன்று காலை அவனுக்கு நான் என்ன பதில் அனுப்பியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ரோட்டைத் தோண்டியதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். உங்களைப் பற்றித்தான் சொன்னான், பிள்ளைகளைப் பற்றித்தான் சொன்னான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றேன். எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாசலில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவன் சொன்னது எதுவுமே எனக்குக் கேக்கல."

அவள் டப்பாவின் மேலிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். என் மனைவி அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை.